ஏழரை நூல் பிழை

போதையனார் பெயரில் உலவும் மூலைவிட்டச் செய்யுளுக்கு இப்போது ஒரு புதுவாழ்வு வந்திருக்கிறது. முன்பெல்லாம் பித்தாகரசை முந்திவிட்டோம் என்ற பெருமைப் பேச்சில்தான் அது தலைகாட்டும். இன்றோ, வீட்டிலேயே கட்டிலும் அலமாரியும் செய்யக் கிளம்பியிருப்பவர்களுக்கு அளவு போடும் கருவியாகவே அதைப் பரிந்துரைக்கிறார்கள். நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, அகலத்தில் பாதியைக் கூட்டு, மூலைவிட்டம் வந்துவிடும். வர்க்கமூலம் வேண்டாம். செய்யுளை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்ற வழக்கு எனக்கு இங்கே வேண்டாம். மரத்தின் மேல் வைத்தால் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரைக்கால், அரை என்ற இரண்டே பின்னங்களில் கணக்கு முடிகிறது. அங்குலத்தை எட்டு நூலாக வைத்துப் பேசும் ஆசாரிக்கு அது மனக்கணக்கு. 3, 4 என்றால் 5 வருகிறது, 5, 12 என்றால் 13 வருகிறது, இரண்டும் துல்லியம். ஏழடிக்கு மூன்றடி வாசல்நிலையில்கூடப் பிழை ஒரு நூலைத் தாண்டாது.

ஆனால் அது துல்லியமாக இருப்பது இரண்டே விகிதங்களில்தான். அகலம் நீளத்தில் முக்கால் பங்காக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பன்னிரண்டில் ஐந்து பங்காக இருக்க வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் விடை கொஞ்சம் கூடும், வெளியே குறையும். செய்யுளை மேடையில் விளக்குபவர்கள் எடுத்துக்காட்டும் கணக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டு விகிதங்களிலிருந்தே வருகின்றன. கேட்பவர் எல்லா அளவுக்கும் இது பொருந்தும் என்று நம்பி வீட்டுக்குப் போகிறார். என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான்: தன் எல்லையைச் சொல்லாத சூத்திரத்தை அளவுகோலாகக் கையில் கொடுக்கக் கூடாது.

இரண்டடிச் சதுர மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மூலைவிட்டம் 33.94 அங்குலம். செய்யுள் தருவது 33. ஏழரை நூல் குறைகிறது. அந்த 33-ஐ நம்பிச் சட்டத்தை இழுத்துப் பிடித்துப் பசை போட்டால், ஒரு பக்கம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நகர்ந்து, சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஆறடி உயரம், ஓரடி அகலம் உள்ள புத்தக அலமாரியில் நிலைமை இன்னும் மோசம். நீளப் பக்கமே 72 அங்குலம். செய்யுள் கொடுக்கும் மூலைவிட்டம் 69! பக்கத்தைவிட மூலைவிட்டம் சிறிதாக இருக்கும் செவ்வகம் உலகத்தில் கிடையாது. கடையில் சரியாக வெட்டிக் கொடுத்த எட்டுக்கு நாலு பிளைவுட்டை இந்தக் கணக்கால் சோதித்தால், மூலைக்கு மூலை 108 அங்குலம் இருக்க வேண்டும் என்று வரும். உண்மையில் இருப்பதோ 107.33. பழி பலகையின் மேல் விழும்.

“மரவேலைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? வரைபடமே இல்லாமல் தோணி கட்டிய ஊர் இது” என்று தூத்துக்குடியில் ஒரு பதில் சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன அந்தத் தோணிகளை ஓடாவிகள் தாளில் வரையாமல் கட்டினார்கள் என்பது உண்மை. தாள் இல்லை என்பதால் தோராயமாகக் கட்டினார்கள் என்று யார் சொன்னது? மரக்கலம் கட்டுவோர் எங்கும் செய்வது இது: நடுக்கோட்டில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து விலாக்கட்டையின் இரண்டு நுனிக்கும் ஒரே கயிற்றைப் பிடிப்பார்கள். கயிறு இரண்டு பக்கமும் ஒன்றாக எட்டினால் கட்டை நேராக நிற்கிறது. எண்ணே வேண்டாம், ஆனால் பிழைக்கும் இடமில்லை. வீட்டு மரவேலைக்கு வேண்டிய வடிவியலும் இதுவே. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும் சட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடி. இரண்டும் ஒன்றானால் அது செவ்வகம். மூலைமட்டத்தின் மேல் சந்தேகமா? பலகையின் நேர்விளிம்பில் வைத்து ஒரு கோடு கிழி, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. ஒப்பிட்டுப் பார்த்தே முடிகிற வேலைக்குள் பிழையுள்ள ஒரு கணக்கை எதற்காகத் திணிக்க வேண்டும்?

பழமையின் பெயரால் வாதிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சமஸ்கிருதத்தில் போதாயனரின் சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு 577-ஐ 408-ஆல் வகுத்த மதிப்பைத் தருகிறது. ஐந்து தசம இடங்கள் வரை அது சரி. வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கியவர்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தது. அதே சதுரத்துக்கு நம் செய்யுள் தருவது 1.375. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்தப் பழைய கணக்கரைக் கொண்டாடுவதாகாது, அவரைக் குறைப்பதே ஆகும்.

பள்ளிச் சுவரில் இந்தச் செய்யுளை எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. கீழே சதுரத்துக்கு எத்தனை நூல் குறையும், ஒடுங்கிய அலமாரிக்கு எத்தனை அங்குலம் குறையும் என்ற அட்டவணையையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை, வாளைக் கையில் எடுக்கும் பிள்ளைகளிடம் அதைக் கொடுக்காதீர்கள்.