திலகவதியாரின் துறவு: ஒரு நோக்கு

இந்துசமய மரபிலே துறவு என்பது பெரும்பாலும் இல்லத்தை விட்டு நீங்குதலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமோ இல்லத்திலிருந்தே மேற்கொள்ளப்படும் துறவு ஒன்றையும் காட்டுகின்றது. திருநாவுக்கரசர் புராணத்தில் வரும் திலகவதியாரின் வாழ்வு அத்தகையது.

திருவாமூரிலே பெற்றோரை இழந்து நின்ற திலகவதியாருக்கு, மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தமை தெரியவருகின்றது. திருமணம் நிகழாதபோதும் தம்மை அவருக்கே உரியவராகக் கொண்டு உயிர்விடத் துணிகின்றார் திலகவதியார். தம்பி மருணீக்கியார் அழுது வேண்டவே அத்துணிவைக் கைவிட்டு, அணிகலன் துறந்து, மனையிலிருந்தே தவம் புரிகின்றார். உயிர்விடத் துணிந்தமை துறவன்று. பெண்ணின் கற்புப் பற்றி அக்காலச் சமூகம் விதித்த நியதியின் விளைவு அது. அவரது துறவு தொடங்குவது, தம்பியின் பொருட்டு வாழ முடிவு செய்த கணத்திலேயாகும். அதன் அடிப்படை வெறுப்பன்று, இரக்கம்.

தம்பியின் துறவு வேறு வழியிற் செல்கின்றது. நிலையாமையை எண்ணிச் சமணம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் உயர்நிலை எய்தியவர், சூலைநோயால் வருந்தித் திருவதிகையிலே தமக்கையாரிடம் மீள்கின்றார். இங்குச் சேக்கிழாரின் சைவச் சார்பு வெளிப்படை. சமணத் துறவை மதிப்பிடுதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் கதையமைப்பு நோக்கற்பாலது. வைகறையிலே கோயிலை அலகிட்டு மெழுகச் செல்லும் தமக்கையாரே தம்பிக்குத் திருநீறு அளித்து அழைத்துச் செல்கின்றார். பின்னர் நாவுக்கரசரின் அடையாளமாக அமைந்த உழவாரம், தமக்கையார் கையிலிருந்த அலகின் தொடர்ச்சியே எனலாம். திருப்புகலூரிலே உழவாரம் நுழைந்த இடமெல்லாம் வெளிப்பட்ட பொன்னையும் மணியையும் கற்களோடு ஒக்க வாரி வாவியில் எறிந்தபோதும், அவர் தம் பணியை நிறுத்தவில்லை. பற்றறுத்தலும் தொண்டும் இங்கு ஒன்றாகின்றன.

இத்தகைய திலகவதியார் 63 நாயன்மாருள் ஒருவராக எண்ணப்படவில்லை. அத்தொகையில் இடம்பெற்ற பெண்கள் மூவரே. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை வகுத்த வரிசையைச் சேக்கிழார் மாற்றவில்லை. ஆனால் தம்பியின் புராணத்தினுள்ளே தமக்கையாரின் வாழ்வை விரித்துரைத்தார். எனவே, திலகவதியாரை நாவுக்கரசரின் தமக்கை என்ற அளவில் மாத்திரம் குறிப்பிட்டு மேற்செல்லுதல் பொருந்தாது. நாவுக்கரசரின் துறவுக்கு முன்மாதிரி அவரே என்பதைப் புராணத்தின் அமைப்பே உணர்த்துகின்றது.