லோக்மானின் ஏடும் கழுதை வெள்ளரியும்

துருக்கியின் தெற்கே, அதானாவுக்குப் பக்கத்தில், ஜெய்ஹான் ஆற்றின் மேல் மிசிஸ் என்ற ஊரில் பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லோக்மான் ஹெக்கிம் என்ற வைத்தியரோடு செடிகளே பேசுமாம். எந்த நோய்க்கு எது மருந்து என்று அவை சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வாராம். கடைசியில் சாவுக்கும் மருந்து கிடைத்துவிட்டது. அந்த ஏட்டோடு பாலத்தைக் கடக்கும்போது அது கைதவறி ஆற்றோடு போயிற்று என்பது ஊர்க்கதை.

அதே சமவெளியில்தான் அனவர்சா என்ற பழைய நகரின் இடிபாடுகளும் கிடக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கே பிறந்த தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல் தொலையவில்லை. கான்ஸ்டான்டினோபிளில் கி.பி. 512 வாக்கில் படங்களோடு உருவான அதன் படி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே புழங்கி, 1569இல் வியன்னாவுக்குப் போனது. பின்னால் கையாண்டவர்கள் அரபியிலும் எபிரேயத்திலும் செடிப்பெயர்களை அதன் பக்கங்களில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

எழுதிப் படியெடுத்து வைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் ஆற்றோடு போகும். துருக்கிய மூலிகை வைத்தியத்தைக் காக்க முனைபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இயங்குகிறார்கள். கணக்கு பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். இஸ்தான்புல்லின் மருந்தியல் பேராசிரியர் துர்ஹான் பைத்தோப் 1984இல் துருக்கியின் மூலிகைச் சிகிச்சை பற்றி ஒரு நூலும், 1994இல் துருக்கியச் செடிப்பெயர்களின் அகராதி ஒன்றும் வெளியிட்டார். பெயர்தானே என்று அகராதியைத் தள்ளிவிட முடியாது. ‘கெக்கிக்’ என்ற ஒரே மூலிகைப் பெயருக்குள் நாலைந்து தாவரப் பேரினங்கள் அடங்கியிருக்கின்றன. ‘பாப்பாத்யா’ என்று கேட்டால் சீமைச்சாமந்தி கிடைக்கலாம், அதைப்போல வெள்ளைப்பூ பூக்கும் வேறொன்றும் கிடைக்கலாம். நம் நாட்டு மருந்துக் கடைக்கு நிகரான கடையை அங்கே ‘அக்தார்’ என்பார்கள். நம் ‘அத்தர்’ என்ற சொல்லுக்கு அது உறவுக்காரச் சொல். அந்தக் கடையில் மூட்டைமேல் எழுதியிருக்கும் பெயரை நம்பித்தான் வாங்குகிறவர் வீட்டுக்குப் போகிறார். எனவே எது எந்தச் செடி என்று தீர்த்துவைப்பதே முதல் பாதுகாப்பு.

இனிச் சிக்கலுக்கு வருவோம். வேலியோரத்திலும் தரிசிலும் படரும் ஒரு கொடியைத் துருக்கியில் ‘கழுதை வெள்ளரி’ என்கிறார்கள். கட்டைவிரல் பருமனில், மேலெல்லாம் சொரசொரவென்று காய்க்கும். முற்றியதைத் தொட்டால் காம்பிலிருந்து தெறித்து, சாற்றையும் விதையையும் பீய்ச்சியடிக்கும். சைனஸ் அடைப்புக்கு இந்தச் சாற்றை மூக்கில் விடுவது வழிவழியாக வந்த வைத்தியம். வெறும் நம்பிக்கை என்று இதை ஒதுக்க முடியவில்லை. அங்காராவின் காஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களிலேயே இந்தச் சாற்றைச் சோதித்து, வீக்கத்தைத் தணிக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் இதே சாற்றை மூக்கில் விட்டுக்கொண்டு, உள்நாக்கு வீங்கி, மூச்சடைத்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. செடி ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். எத்தனை துளி, எவ்வளவு தண்ணீர் கலந்து, யாருக்குக் கூடாது என்பதில்தான் மருந்தும் நஞ்சும் பிரிகின்றன. ‘சைனஸுக்குக் கழுதை வெள்ளரி’ என்ற ஒற்றை வரி எளிதாகப் பரவும். அதன் அளவும் எச்சரிக்கையும் அத்தனை எளிதில் கூடவே பயணப்படுவதில்லை.

மரபை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. ‘சாரி கந்தரோன்’ என்ற மஞ்சள் பூவை ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் சில வாரங்களில் எண்ணெய் சிவந்துவிடும். புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் கிராமத்துப் பெண்கள் தடவிய தைலம் அது. அதே செடியைக் கஷாயமாகவோ மாத்திரையாகவோ உள்ளுக்குச் சாப்பிட்டால், கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்கத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வேகம் குறைந்துவிடும். தைலம் ஊறவைத்த பாட்டி இப்படிப்பட்ட நோயாளியைக் கண்டதேயில்லை. செடி மாறவில்லை, சாப்பிடுகிறவர்களின் உடம்பு நிலவரம் மாறியிருக்கிறது. பழைய அறிவை அப்படியே பாதுகாப்பது இங்கே போதாது, புதிய எச்சரிக்கையை அதோடு சேர்த்தாக வேண்டும்.

அரசு இதற்கு 2014இல் ஒரு வழி கண்டது. மூலிகைச் சிகிச்சை உட்பட 15 மரபு, துணை மருத்துவ முறைகளை ஒழுங்குக்குள் கொண்டுவந்து, சான்றிதழ் பெற்ற மருத்துவர்களும் பல் மருத்துவர்களுமே அவற்றைக் கையாளலாம் என்றது. நோயாளியைக் காக்க இது தேவையான வேலிதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: சிகிச்சை சொல்ல உரிமை உள்ளவருக்குச் செடியை மலையில் அடையாளம் காட்டத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. அடையாளம் தெரிந்த கிழவிக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்காத சட்டம் மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும், மரபைக் காக்காது.

இன்னொரு பாதுகாப்பு, விழா. மனிசா நகரில் ஆண்டுதோறும் 41 சரக்குகள் சேர்ந்த மெசிர் லேகியத்தைத் தாளில் மடித்து, சுல்தான் மசூதியின் மேலிருந்து கூட்டத்தில் வீசுகிறார்கள். சுல்தான் சுலைமானின் தாய் ஹஃப்சாவின் நோய்க்கு மெர்கெஸ் எஃபெந்தி கிண்டிய லேகியம் என்பது வழக்கு. 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஊர்கூடிக் கொண்டாட நல்ல காரணம். ஆனால் காப்பாற்றப்படுவது கொண்டாட்டம்தான், வைத்தியம் என்று சொல்ல முடியாது.

புகழ் வந்தால் செடிக்கு ஆபத்தும் வரும். குளிர்காலத்தில் பாலில் காய்ச்சி, லவங்கப்பட்டைத் தூள் தூவிக் குடிக்கும் சாலெப், காட்டு ஆர்க்கிட் கிழங்கின் மாவு. செடிக்கு இரண்டு கிழங்கு: சுருங்கிக்கொண்டிருக்கும் பழையது, அடுத்த ஆண்டுக்கான புதியது. தோண்டுகிறவர் எடுப்பது புதியதை, அதுவும் பூத்திருக்கும்போதே. விதையும் போயிற்று, அடுத்த ஆண்டும் போயிற்று. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். ஏற்றுமதிக்குத் தடை இருந்தும் உள்நாட்டில் விற்பனை நிற்கவில்லை. இதற்கு மாறாக, கெக்கிக்கைத் தெனிஸ்லி பகுதி விவசாயிகள் வயலுக்குக் கொண்டுவந்துவிட்டதால் மலைமேல் சுமை குறைந்தது. ஆர்க்கிட் அவ்வளவு எளிதில் வயலுக்கு வராது. அதன் விதை முளைக்க மண்ணில் உரிய பூஞ்சை வேண்டும், பூக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே என் மதிப்பீடு இது. துருக்கியர்கள் மூலிகையின் பெயரையும் பயனையும் நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத வேண்டியது இன்னும் மூன்று: இதற்கு ஒத்த தோற்றமுள்ள செடி எது, யாருக்கு இது கூடாது, இந்த ஆண்டு அந்த மலையில் எத்தனை மிச்சம். முதல் கேள்விக்குக் கிழவியும், இரண்டாவதற்கு மருத்துவரும், மூன்றாவதற்குத் தாவரவியலாளரும் விடை சொல்ல வேண்டும். செடிகள் லோக்மானிடம் பயனைச் சொன்னதாகத்தான் கதை இருக்கிறது. அளவைச் சொன்னதாக இல்லை.