கண்ணோட்டம் முதலிய சில சொற்கள்

முதுகலை மாணவர்தம் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படிப்பவர்க்குச் சில சொற்களின்மீது ஒருவகை வெறுப்பு வளர்ந்துவிடுகிறது. எமக்கும் வளர்ந்தது. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என ஒரு பத்தி முடியுங்கால் சிவப்பு மையைக் கை தானே நாடுகிறது. ‘பதிவு செய்துள்ளார்’ என்பதைக் கண்டால் ஏட்டை மூடிவைக்கத் தோன்றுகிறது. ‘கண்ணோட்டத்தில்’ என முடியும் தலைப்புகளோ எண்ணில. வெறுப்பு ஆராய்ச்சிக்குத் துணையாகாது. ஆயினும், அதற்குத் தக்க காரணம் உண்டா, அன்றி மாணவர் மொழியை ஆசிரியர் பழிக்கும் பழைய வழக்கந்தானா என்று ஆராய்தல் தகும்.

சொற்பொருள் மாறுவதே குற்றம் என்பார் உளர். அக்கூற்றை யாம் உடன்படோம். எல்லோரும் காட்டும் ‘நாற்றம்’ என்னும் சொல்லையே கொள்வோம். மொட்டினுள் அடங்கிய நறுமணத்தை வள்ளுவர் நாற்றம் என்றார் (1274). திருமாலின் வாய்மணத்தை வெண்சங்கிடம் வினவும் ஆண்டாளும் நாறுதல் என்னும் வினையையே வழங்கினார். இன்று அச்சொல் தீய மணத்திற்கே உரியதாயிற்று. இதனால் விளைந்த இழப்பு யாது? மணம் என்னும் சொல் அவ்விடத்தை நிரப்பிற்று. பழம் பொருளை ஒருமுறை எடுத்துச் சொன்னால் மாணவர் எவரும் மறப்பதில்லை. வகுப்பில் சிறிது சிரிப்பும் எழும். வேறுபாடு கண்ணை உறுத்துமளவு பெரிதாயின் அதனால் தீங்கில்லை. பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றேபோல் தோன்றி மயக்குமிடத்தேதான் இடர் நேர்கிறது.

‘கண்ணோட்டம்’ அத்தகைய சொல். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அப்பெயருடையது. பழகியவர்மேல் கண் சென்றவிடத்து, அவர் வேண்டியதை மறுக்கவியலாது நெஞ்சு இளகுதலே ஆண்டுக் கண்ணோட்டமாம். அது காண்டலைப் பற்றியதன்று. கண்டபின் நிகழும் நெகிழ்ச்சியைப் பற்றியது. அஃதில்லாத கண்ணைப் புண் என்றே வள்ளுவர் இகழ்கிறார் (575). அதிகாரத்தின் இறுதிக் குறளில் நாகரிகம் என்னும் சொல்லும் இப்பொருளிலேயே நிற்கிறது. பழகியவர் நஞ்சிடக் கண்டும் அதனை உண்டு அமைவர் நாகரிகம் வேண்டுவோர் என்பது அதன் கருத்து. இன்று நாகரிகம் எனின் உடையும் நடையும் நினைவிற்கு வருகின்றன.

யாம் மதிப்பிட்ட ஆய்வேடு ஒன்றில், ‘அரசனுக்குத் தெளிந்த கண்ணோட்டம் வேண்டும் என வள்ளுவர் வலியுறுத்துகிறார்’ என்றொரு தொடர் இருந்தது. முதற்படிப்பில் யாமும் அதனைக் கடந்து சென்றுவிட்டோம். அத்துணை வழுவழுப்பான தொடர். இரண்டாம் முறை படிக்கையிலேதான், மாணவர் கண்ணோட்டம் என்பதற்குப் பார்க்கும் முறை என்று பொருள் கொண்டமை புலப்பட்டது.

இது சிறு பிழையன்று. செங்கோன்மை அதிகாரத்தின் முதற் குறள் (541), அரசன் குற்றத்தை ஆராய்ந்து, யார்மாட்டும் கண்ணோடாது, நடுநின்று முறை செய்தல் வேண்டும் என்கிறது. மூன்று அதிகாரம் கடந்தால் அதே அரசனுக்குக் கண்ணோட்டம் இன்றியமையாதது என்கிறார் வள்ளுவர். ஒரே சொல் ஆண்டு விலக்கப்படுகிறது, ஈண்டு வேண்டப்படுகிறது. இது முரணாகாதோ என்னும் ஐயம் கற்பவர்க்கு எழுதல் வேண்டும். அதற்கு விடை 578ஆம் குறளில் உள்ளது. தன் கடமை கெடாதவாறு கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்பர். ‘வல்லார்’ என்ற சொல்லே ஈண்டு உயிர்நிலை. இரக்கம் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும். கடமையோடு அதனைப் பொருத்திச் செலுத்துதற்கு வன்மை வேண்டும். பார்க்கும் முறை என்று பொருள் கொண்ட மாணவர்க்கு முரணும் தோன்றவில்லை. விடையைத் தேடும் தேவையும் எழவில்லை. வள்ளுவர் அரசியலின் கடினமான வினா ஒன்று அவ்வேட்டில் ஓசையின்றி மறைந்துபோயிற்று. முகத்தெதிரே நின்று கண்ணறச் சொல்லினும் புறங்கூறற்க என்னும் கருத்துடைய 184ஆம் குறளை அவர் எவ்வாறு உரைப்பாரோ, அறியோம். ஆண்டுக் கண் என்னும் சொல்லே கண்ணோட்டத்தைக் குறித்து நிற்கிறது.

ஆதலின் புதுப்பொருளை ஒழித்துவிடல் வேண்டுமோ எனின், அஃது இயலாது. நாளிதழும் மேடையும் அதனை நிலைபெறச் செய்துவிட்டன. நோக்கு என்னும் சொல்லை வகுப்பில் வற்புறுத்திப் பார்த்தோம். எம்மிடம் காட்டும் படியில் நோக்கும், அலுவலகத்தில் அளிக்கும் படியில் கண்ணோட்டமுமாக எழுதினர் மாணவர்! நோக்கு என்பதும் செய்யுளியலில் தொல்காப்பியர் செய்யுளுறுப்பாக எண்ணியதொரு கலைச்சொல்லே. யாம் வேண்டுவது இவ்வளவே: பழந்தமிழ் நூலை ஆராய்வோர், அந்நூலில் அச்சொல் நிற்கும் இடங்களையெல்லாம் ஒருங்கு நோக்கிய பின்னரே அதனைத் தம் தொடரில் வைத்தல் வேண்டும்.

மற்றைய இரண்டின் நோய் வேறு. அவை பொருள் மாறியன அல்ல, பொருள் இழந்தன. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்னும் தொடரை நீக்கிப் படித்தால் எவ்விடத்தும் எதுவும் குறைவதில்லை. எம் பழைய கட்டுரை ஒன்றைப் புரட்டியபொழுது அத்தொடர் முதற்பக்கத்திலேயே இருமுறை இருக்கக் கண்டு நாணினோம்.

‘பதிவு செய்தல்’ அதனினும் கொடிது. அவலித்தல், எள்ளல், இரத்தல், மறைத்தல் ஆகிய எல்லாம் பதிவு செய்தல் ஆகிவிடின், புலவர் அனைவரும் சார்பதிவாளர் அலுவலகத்து எழுத்தரே போலும். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரி மகளிர் ‘பறம்பின் வீழ்ச்சியைப் பதிவு செய்கின்றனர்’ என ஒருவர் எழுதியிருந்தார். அப்பாட்டில் துயரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் குன்றும் இருந்தமையும், இத்திங்களின் நிலவில் இரண்டும் இன்மையுமே சொல்லப்பெறுகின்றன. நிலவு அதுவே. பொருள் வெளிப்படத் தெரிதலும் உண்டு, குறிப்பில் தோன்றலும் உண்டு என்று பெயரியலில் வகுத்தார் தொல்காப்பியர். அம்மகளிர் சொல்லாது விடுத்த துயரே அப்பாட்டின் பொருள். பதிவேட்டில் அதனை எழுதுதற்கு இடமில்லை.