மூன்று துண்டாகக் கடலுக்குப் போகும் படகு

நியூசிலாந்தின் ஆக்லாந்து புறநகர் வீடுகளில் கேரேஜ் உண்டு. அதில் கார் நிற்கும், சலவை இயந்திரம் நிற்கும், 7.3 மீட்டர் படகு நிற்காது. மரீனாவில் இடம் பிடித்தால் மாதாமாதம் வாடகை அழ வேண்டும். சின்னப் பாய்ப்படகு வாங்கலாம் என்றால், தூண்டில்காரருக்கு அது ஒத்துவராது. மீனைத் தூக்க ஓரமாகக் குனிந்தால் படகும் கூடவே குனியும். பக்கவாட்டில் ஒரு மிதவை வைத்தால் அந்த ஆட்டம் நிற்கும், ஆனால் அகலம் கூடிவிடும். அப்புறம் கேரேஜும் இடம் தராது, டிரெய்லரும் தாங்காது. வீட்டில் வைத்திருக்கக்கூடிய மிதவைப் படகுகள் எல்லாமே இந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு விடை சொல்கின்றன.

நான் கட்டி ஓட்டிவருவது கேரி டியர்கிங் வடிவமைத்த 'வாஅபா'. ஒரே பக்கம் மிதவை கொண்ட ஹவாய்ப் பாணிப் படகு. டியர்கிங் வசிப்பது ஆக்லாந்துக்கு எதிர்க்கரையில் உள்ள கோரமண்டலில். நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்று 1820இல் பாய்மரத் தண்டுகளுக்கான மரம் தேடி வந்ததால் பெயர் பெற்ற ஊர் அது. 2007இல் வெளியான டியர்கிங்கின் படகு கட்டும் கையேட்டில் வாஅபாவின் வரைபடங்கள் இருக்கின்றன.

வாஅபா மடங்காது, கழலும். எட்டடி நீளத்தில் மூன்று பெட்டிகள்: இரண்டு முனைகள், ஒரு நடு. மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் 24 அடி. நடுவை வீட்டிலேயே விட்டுவிட்டு முனைகளை நேராக இணைத்தால் 16 அடி. தனியாகப் போனால் சின்னது, துணைக்கு ஆள் வந்தால் பெரியது.

மடிப்பதா, கழற்றுவதா?

மடிக்கும் படகுகளின் உச்சம் இயன் ஃபாரியரின் டிரைமரன்கள் எனும் மூவுடல் படகுகள். நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் தன் மடிப்பு முறையை வளர்த்து, பிறகு அமெரிக்காவில் கோர்சேர் நிறுவனம் வழியாக உலகறியச் செய்தவர். அவருடைய எஃப்-27 விரிந்து நிற்கும்போது சுமார் 5.8 மீட்டர் அகலம். மடித்தால் சுமார் 2.6. மிதவைகள் உடலை ஒட்டி உள்ளே ஒடுங்குவதுதான் அதன் அழகு. தண்ணீரில் மிதக்கும்போதே மடிக்கலாம்.

ஆனால் அந்தக் கீல்களும் தாங்குகைகளும் துல்லியமாக அமைய வேண்டும். ஒவ்வொன்றும் அலையின் முறுக்கை வாங்கும் இடம். உப்புநீரில் உலோகம் இருக்கும் இடமெல்லாம் பராமரிப்பு வேலையும் இருக்கும். ஐந்து மீட்டர் மீன்பிடிப் படகுக்கு இத்தனை இயந்திரப் பொறுப்பு தேவையா என்று யோசித்தால், விடை இன்னும் பழைய பக்கத்திலிருந்து வருகிறது. பிரிட்டனின் ஜேம்ஸ் வாரம் 1950களிலிருந்தே பாலினேசியப் படகுகளைப் பின்பற்றிப் படகுகளை வடிவமைத்தார்; பின்னாளில் குறுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டும் முறையையும் கையாண்டார். அவருடைய 21 அடி 'டிக்கி' ஒன்று 1990களில் உலகையே சுற்றி வந்தது. நம் கட்டுமரக்காரர்களும் கரையேறியதும் கட்டவிழ்த்து, ஊறிக் கனத்த மரங்களைத் தனித்தனியே உலரப் போட்டவர்கள்தான். கழற்றி வைக்கும் மீன்பிடிப் படகு புதுக் கண்டுபிடிப்பே இல்லை.

வாஅபாவில் போல்ட், கட்டு இரண்டும் உண்டு. உடலின் துண்டுகளைச் சேர்ப்பது போல்ட்; மிதவையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளைப் பிடிப்பது கட்டு. கட்டுக்குக் கயிறும் போடலாம், ஹவாய்த் துடுப்புப் படகுக்காரர்கள் போல டயர் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியும் கட்டலாம். நான் ரப்பர் நாடாவைப் பயன்படுத்துகிறேன். அலை அடிக்கும்போது அது கொஞ்சம் நெகிழும், திரும்ப இழுத்துக்கொள்ளும். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்ற ஆகும் செலவு சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப். கீலுக்குள் விழும் விரிசலை இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கட்டும் வேலை

தைத்து ஒட்டும் முறை. 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டை வரைபடப்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து நிறுத்த வேண்டும். உள்மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்சியைக் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடாவைப் படிய வைத்தால் தையல் தேவைப்படாது, கம்பியை உருவிவிடலாம். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மிரர் டிங்கி என்ற சிறுபடகு இதே முறையை வீட்டுத் தச்சர்கள் கைக்குக் கொண்டுபோனது. 1980களில் கேரளத்தின் தென்கரையிலும் கன்னியாகுமரியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய படகுக்கூடங்கள் பிளைவுட் வள்ளங்களைக் கட்டியதும் இதே வழியில்தான். ஆகவே பொழுதுபோக்குக்காரர்களின் குறுக்குவழி என்று இதை ஒதுக்க முடியாது; தினமும் கடலுக்குப் போகிற படகுகள் இதில் பிறந்திருக்கின்றன.

எட்டடி என்பது சாதாரணப் பிளைவுட் தகட்டின் நீளம். அதனால் நீளப் பலகைக்காகத் தகடுகளைச் சீவி ஒட்டும் வேலை மிச்சம். வாஅபாவின் மிகப் பெரிய புத்திசாலித்தனம் இதுதான் என்பேன். ஒவ்வொரு பெட்டியையும் ஒருவரே புரட்டலாம், கார் ஓரமாக நின்றாலும் வேலை நடக்கும்.

கவனிக்க வேண்டியவை சில. பிளைவுட்டில் பிஎஸ் 1088 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு அடுக்கு பிரிகிறதா என்று சோதியுங்கள். எபாக்சியை ஆழமான டப்பாவில் கலக்கி வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். அகலத் தட்டில் பரப்பினால் நிதானமாக வேலை செய்யலாம். குளிர்காலத்துக் கேரேஜில் அதே எபாக்சி இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஆகவே ஒட்டு வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்வது நல்லது. இறுகியபின் மேலே மெழுகு போல ஒரு படலம் நின்றால், தண்ணீரால் கழுவியபிறகே தேய்க்க வேண்டும். கையுறை கட்டாயம், எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. வெயில் எபாக்சியைத் தின்றுவிடும் என்பதால் பெயிண்ட் அடிக்காத இடம் எதுவும் மிஞ்சக்கூடாது.

வேலையில் பாதி உடல்தான். மிச்சப் பாதி மிதவை, குறுக்குக் கட்டை, சுக்கான், பாய்மரம், அவற்றின் மாட்டல்கள். உடல் எழுந்து நின்றதும் படகு முடிந்ததாகத் தோன்றும், நம்பாதீர்கள்.

துறையில்

மூன்று பெட்டிகளும் மிதவையும் சின்ன டிரெய்லரில் அடங்குகின்றன. ஆனால் இறக்கி, பெட்டிகளைச் சேர்த்து, ரப்பர் வளையம் வைத்துப் போல்ட் முடுக்கி, குறுக்குக் கட்டைகளைக் கட்டி, பாய்மரம் நிறுத்தி முடிக்க முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. ஃபாரியர் படகுக்காரர் அதற்குள் கடலில் பாய் விரித்திருப்பார். மாலையில் அலுத்துத் திரும்பி, ஐஸ் பெட்டியில் மீனை வைத்துக்கொண்டு அதே வேலையைத் தலைகீழாகச் செய்வது அதைவிடக் கஷ்டம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் கடலுக்கு ஓடலாம் என்று நினைப்பவருக்கு இந்தப் படகு சரிவராது.

பாயும் காற்றும்

மெல்லிய நீள உடல், லேசான காற்றிலேயே நகரத் தொடங்கும். நடுத்தரக் காற்றில் கஹவாய் மீனுக்குச் செயற்கை இரையை இழுத்துக்கொண்டு போக ஏற்ற வேகம் தானாக அமைந்துவிடுகிறது. காற்று நின்றால் துடுப்பு. ஒடுக்கமான உடல் என்பதால் அலுப்புத் தெரியாது.

ஒற்றை மிதவைக்கு உரிய பிடிவாதம் இதற்கும் உண்டு. மிதவை காற்று வரும் பக்கம் இருந்தால் அது நீரைவிட்டு எழப் பார்க்கும். ஏறி உட்கார்ந்து அமுக்கலாம். மறுபக்கம் இருந்தால் பாயின் முழுப் பாரமும் மிதவையை மூழ்கடிக்கப் பார்க்கும். அப்போது பாயைத் தளர்த்தத் தயங்கினால் கவிழும். இலங்கையின் 'ஒருவ' எனப்படும் ஒற்றை மிதவைப் படகுகள் இதற்கு வேறு வழி வைத்திருந்தன: இரு முனையும் ஒன்றுபோல இருக்கும், திசை மாற்றும்போது பாயை முனை மாற்றிக்கொண்டு, மிதவையை எப்போதும் காற்றுப்பக்கமே வைத்திருப்பார்கள். வாஅபாவையும் அப்படி அமைக்க முடியும். ஆனால் தூண்டிலும் கையுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை இடம் மாற்றுவது பெரிய வேலை. நான் சாதாரண முறையிலேயே ஓட்டி, மிதவை காற்றுமறைவில் இருக்கும்போது பாயைச் சுருக்கிக்கொள்கிறேன்.

மீன் பிடிக்க எப்படி?

வாஅபா தன் கூலியைத் திருப்பித் தருவது இங்கேதான். உடலுக்கும் மிதவைக்கும் நடுவே வலை கட்டினால் உட்கார, பெட்டி வைக்க, பிடித்த மீனைக் கழற்ற இடம் கிடைக்கிறது. ஓரத்தில் நின்று வீசினாலும் படகு சாயாது. இன்ஜின் சத்தம் இல்லாததால் ஆழமில்லாத பாறைப் பக்கம் ஸ்னாப்பர் மிரளுவதில்லை.

தூண்டில் கழியை மிதவை இல்லாத பக்கம் வைக்க வேண்டும். பெரிய மீன் மிதவைக்கு அடியில் புகுந்தால் நரம்பு குறுக்குக் கட்டையில் உரசி அறும். நீள உடல் காற்றில் பக்கவாட்டாக நழுவும், ஆகவே குறுக்குக் கட்டையிலிருந்து ஒரு சிறு நீர்ப்பாராசூட்டை விட்டால் நழுவல் நிதானப்படும்.

இங்கே பொழுதுபோக்குப் படகுக்குப் பதிவு வேண்டாம், கடலில் தூண்டில் போட உரிமமும் வேண்டாம். ஆனால் ஹவுராக்கி வளைகுடாவில் ஒருவர் நாளொன்றுக்கு 7 ஸ்னாப்பருக்கு மேல் எடுக்கக்கூடாது, 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும். ஒருவர் கணக்கு அவ்வளவுதான் என்பதால் பெரிய ஐஸ் பெட்டிக்கு ஆசைப்படத் தேவையில்லை.

கடையில் வாங்கினால்?

நேர்ப் போட்டி ஹோபியின் அட்வென்ச்சர் ஐலண்ட்: வார்ப்பு பிளாஸ்டிக் உடல், இருபக்கமும் மடங்கும் மிதவைகள், மிதித்து ஓட்டும் பெடல். துறையில் சட்டென்று தயாராகும், பாறையில் உரசினாலும் கவலையில்லை. ஆனால் அது ஒருவருக்கான இருக்கை. உட்கார்ந்தபடி நனைந்துகொண்டே போக வேண்டும். இரண்டு பேர், பெட்டி, மதியச் சாப்பாடு என்றால் வாஅபாவின் கை ஓங்கிவிடும்.

தீர்ப்பு

நிறை: கேரேஜில் அடங்கும் அளவு, தகட்டை வீணாக்காத வரைபடம், இரண்டு நீளங்கள், மீன்பிடிக்க நிலையான மேடை, வீட்டிலேயே பழுதுபார்க்கக்கூடிய கட்டுகள்.

குறை: துறையில் நேரம் தின்னும், மிதவை காற்றுமறைவில் இருக்கும்போது பாயோட்டத் தெரிந்த கை வேண்டும், எபாக்சி வேலைக்குப் பொறுமை வேண்டும்.

வாரக் கடைசியில் முழு நாளையும் கடலுக்கு ஒதுக்குபவர், கையால் வேலை செய்வதில் சலிப்பில்லாதவர், கட்டலாம். அவசரக்காரர் மடிப்புப் படகுக்குக் காசு சேர்ப்பது மேல். கட்டுபவர்களுக்கு ஒரே யோசனை: முதலில் இரு முனைகளையும் முடித்து 16 அடியாக ஒரு பருவம் ஓட்டுங்கள். முனைகளில் காற்றறைகளை அடைத்து வையுங்கள். துறையோரத்து ஆழமில்லா நீரில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து, தனியாக நிமிர்த்த முடிகிறதா என்று பாருங்கள். அது கைவந்தபிறகு நடுப்பெட்டிக்குத் தகடு வாங்குங்கள்.