ஐந்தா, பத்தா?

பெயர் பொருளைக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. மொழிக்கு உரிய இந்த முறை வேதியியலுக்கும் உரியதன்றோ!

நான் கலைப்பட்டம் பெற்றவன். அறிவியல் ஆசிரியர் விடுப்பில் சென்றமையால் அவர் வகுப்பு சில நாட்கள் என் பொறுப்பாயிற்று. சகப்பிணைப்புச் சேர்மங்களுக்குப் பெயரிடும் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். எளிய விதி, இனிய விதி. அணுக்களை எண்ணு, எண்ணியதைப் பெயரின் முன் ஏற்று. டை என்றால் இரண்டு, ட்ரை மூன்று, டெட்ரா நான்கு, பென்டா ஐந்து, டெக்கா பத்து. முதல் தனிமம் ஒரே அணுவாயின் அதற்கு எண் வேண்டா. பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு என்றதும், ஒரு பாஸ்பரஸ், மூன்று குளோரின் என்று வாய்பாடு தானே வந்து நிற்கிறது. பெயரும் பொருளும் கைகோத்து நடக்கும் காட்சி!

அடுத்த வரியிலேயே அந்தக் கை நழுவிற்று. பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்றது பாடம். அதன் மூலக்கூறிலோ நான்கு பாஸ்பரஸ், பத்து ஆக்சிஜன்!

"ஐயா, பென்டா என்றால் ஐந்துதானே? பத்து எப்படி வந்தது?" என்று எழுந்து கேட்டாள் ஒரு மாணவி.

"புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்றேன். ஏன், எதற்கு என்று கேள் என மேடையில் முழங்கும் நாக்கு, வகுப்பறையில் இப்படிப் புரண்டது. நாணினேன்.

விடை தேடிப் படித்தேன். இரண்டுக்கு ஐந்து என்னும் சுருங்கிய விகிதத்தைக் கொண்டு இட்ட பெயர் அது. மூலக்கூறில் இருப்பது நான்குக்குப் பத்து எனப் புலனான பின்னும் பெயர் மாறவில்லை. விதிப்படி அதன் பெயர் டெட்ராபாஸ்பரஸ் டெக்காக்சைடு.

"பழகிய பெயர், இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பர் சிலர். அவர்கள் உரமூட்டையைப் பார்க்கட்டும். டிஏபி மூட்டையில் 18-46 என்று அச்சிட்டிருக்கிறது. 46 விழுக்காடும் பாஸ்பரஸே என்று உழவர் எண்ணினால், குறை அவருடையதா? அந்த 46, இதே பென்டாக்சைடாகக் கணக்கிட்ட அளவு. மூட்டைக்குள் அந்த ஆக்சைடே இல்லை! 50 கிலோ மூட்டையில் உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ 10 கிலோதான். இது வஞ்சகம் அன்று, மரபு. ஆயினும், விளக்கப்படாத மரபு வஞ்சகத்தின் வேலையையே செய்துவிடுகிறது.

பழம்பெயரைத் தீயிலிடச் சொல்லவில்லை. உலகம் வழங்கும் பெயர், மாணவர் அறியட்டும். அதன் அருகே விதிப்படி அமைந்த பெயரையும், இரண்டும் வேறுபட்ட காரணத்தையும் பாடநூல் எழுதட்டும் என்கிறோம்.

மறுநாள் அந்த மாணவியிடம், "நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு" என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று கேள்வி கேட்க உயர்ந்த கைகள் பல!