தீவில் சம்பளம் எவ்வளவு?

1983இல் வந்த ‘ஆக்டோபஸி’, ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் பதின்மூன்றாவது படம். மட்டமான படமில்லை, சுமாரான படம். ரோஜர் மூருக்கு வயது தெரிகிறது. நம் சென்னை விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சமாளித்துவிட்டுப் பாதியிலேயே செத்துப்போகிறார். உதய்ப்பூர் தெருவில் பாம்பாட்டி, ஆணிப்படுக்கை, கத்தி விழுங்குபவர் என்று வெள்ளைக்காரர் மனசிலிருந்த இந்தியா முழுதும் கடை விரித்திருக்கிறது. இது தெரிந்த கதைதான். எனக்கு அந்த ஏரித் தீவுதான் முக்கியம்.

ஆண்கள் நுழையக் கூடாத மாளிகை அது. போக்கிடம் தெரியாமல் அலைந்த பெண்களைச் சேர்த்து, பயிற்சியும் வேலையும் தந்து, சகோதரிகளாக வாழ வைத்ததாகத் தலைவி ஆக்டோபஸி (மாட் ஆடம்ஸ்) சொல்கிறாள். கப்பல், ஓட்டல், சர்க்கஸ், கூடவே நகைக் கடத்தல். பாண்ட் படத்தில் இப்படியொரு கற்பனை அபூர்வம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டில் இதைப் பார்த்தேன். தீவுக் காட்சியில் ஒருத்தி கேட்டாள்: “இவங்களுக்குச் சம்பளம் எவ்ளோக்கா?” இன்னொருத்தி: “வெளிய போக கேட் பாஸ் வாங்கணுமா?” எல்லாரும் சிரித்தோம். ஆனால் படம் கேட்காமல் விட்ட கேள்விகள் அவைதான். அந்தப் பெண்களின் உடலைக் காட்டும் கேமரா, மக்டாவைத் தவிர வேறு யாரையும் பெயரோடு நினைவில் நிற்க விடுவதில்லை.

பெண்கள் கூட்டமாக ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இதே திருவள்ளூர் மாவட்டம் கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் நோயுற்றார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தீவுப் பெண்களுக்கும் கோபப்படக் காரணம் இருக்கிறது. சர்க்கஸில் வெடிகுண்டை வைத்து அவர்களையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தவன் கமல் கான். அவன் அரண்மனையை அவர்கள் தாக்குகிறார்கள், ஆனால் வித்தை காட்டும் உடையில், கரணம் போட்டுக்கொண்டு.

படம் உடைவது அதற்கும் முன்பே. தன்னோடு தொழிலில் சேரச் சொல்கிறாள், பாண்ட் மறுக்கிறான். கூலிக்குக் கொலை செய்கிற உன்னிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சீறுகிறாள். அவன் இழுத்து முத்தமிடுகிறான். ஒரு நொடிதான், கோபம் கரைந்துபோகிறது. அத்தனை பெரிய தொழிலை நடத்தியவள், முடிவில் விமானத்திலிருந்து மீட்கப்பட வேண்டியவளாகிறாள். பிறகு தன் படகில் அவன் அணைப்பில். தீவு இனி யார் பொறுப்பில் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை.