இறந்தவர் எவருக்கு உரியவர்?

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, என் தாயார் எங்கள் குடும்பக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிய பின், சற்றுத் தள்ளியிருந்த வேறொரு கல்லறையிலும் ஒரு திரியை ஏற்றிவைப்பார். அது யாருடையது என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இன்று கேட்பதற்கு அவர் இல்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘இறந்தவர்கள்’ என்னும் கதையைப் படிக்கும் போதெல்லாம் அந்தத் திரி என் நினைவுக்கு வருகிறது.

1904-இல் அயர்லாந்தை விட்டு வெளியேறிய ஜாய்ஸ், 1907-இல் திரியெஸ்தே நகரில் இக்கதையை எழுதி முடித்தார். 1914-இல் வெளிவந்த ‘டப்ளினர்கள்’ தொகுப்பின் பதினைந்து கதைகளில் இதுவே இறுதியானது. இயேசு சபைப் பள்ளிகளில் பயின்று, பின்னர் திருச்சபையை விட்டு விலகியவர் ஜாய்ஸ். ஆயினும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் உள்ளறையை அவரைப் போல் அறிந்து எழுதியவர் மிகச் சிலரே.

கதையில் பெருநிகழ்ச்சி ஏதும் இல்லை. கேட், ஜூலியா என்னும் முதிய சகோதரியர் இருவரும், அவர்களுடைய சகோதரன் மகள் மேரி ஜேனும் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அளிக்கும் விருந்து நடைபெறுகிறது. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், வாத்து இறைச்சியைப் பகிர்ந்து உண்கிறார்கள். இடையே ஒரு வருத்தமும் வெளிப்படுகிறது. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசை குறித்து வெளியிட்ட ஆணை, கோவில் பாடகர் குழுவில் பெண்கள் இடம்பெறுவதை விலக்கியது. காலமெல்லாம் கோவிலில் பாடிய ஜூலியா இவ்வாறு இடமிழந்தவர். அக்காளின் பொருட்டுக் கேட் சினம் கொள்கிறார். திருத்தந்தையின் முடிவைக் குறை கூற அவர் மனம் துணியவில்லை. நன்றி என்று ஒன்று உண்டல்லவா என்பதே அவருடைய முறையீடு. விசுவாசத்தையும் விடாமல், இழப்பையும் மறைக்காமல் பேசும் இந்த எளிய குரலை நம் இல்லங்களிலும் கேட்டிருக்கிறோம்.

விருந்தில் உரையாற்றுபவன் மருமகன் கபிரியேல். கற்றவன், ஆசிரியன். மறைந்தவர்களைப் போற்றி, ஆயினும் துயரத்தில் மூழ்காமல் வாழ்வோர்க்குரிய கடமைகளைச் செய்வோம் என்று நயமாகப் பேசி அமர்கிறான். அனைவரும் கைதட்டுகின்றனர். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கு அதனால் வலி ஒன்றும் இல்லை என்பதை ஜாய்ஸ் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

புறப்படும் வேளையில் யாரோ ஒரு பழைய பாடலைப் பாட, கபிரியேலின் மனைவி கிரெட்டா மாடிப்படியில் அசையாது நின்று கேட்கிறாள். விடுதி அறையில் அழுகிறாள். கால்வேயில் பாட்டியின் வீட்டில் அவள் வாழ்ந்த இளமைக் காலத்தில், மிக்கேல் ஃபியூரி என்னும் பதினேழு வயது இளைஞன் அந்தப் பாடலைப் பாடுவானாம். அவள் டப்ளின் கன்னியர் மடத்திற்குப் புறப்படவிருந்த முன்னிரவில், நோயுற்றிருந்த அவன் கொட்டும் மழையில் தோட்டத்து ஓரத்தில் வந்து நின்றான். ஒரு வாரத்தில் இறந்தான். தன் பொருட்டே அவன் இறந்தான் என்று அவள் நம்புகிறாள். அவன் என்ன வேலை செய்தான் என்று கணவன் ஏளனத்தோடு கேட்கிறான். எரிவாயு ஆலையில், என்கிறாள் அவள். அந்தப் பதிலின் எளிமையில் அவனுடைய ஏளனம் வெட்கிப்போகிறது.

கர்வமுள்ள கணவன் தாழ்வுற்ற கதை என்று இதனைப் பலர் வாசிப்பர். மற்றொரு குறையையும் கூறலாம்: கிரெட்டா அழுது உறங்கிவிடுகிறாள், இறுதிப் பக்கங்கள் முழுவதும் கபிரியேலுடையவை. அவளுடைய துயரத்தை அவன் தனதாக்கிக்கொண்டானோ? இக்கேள்வி நியாயமானது. இத்தனை ஆண்டுகள் சுமந்தவளின் மனம் அதன்பின் என்ன ஆயிற்று என்பதைக் கதை நமக்குச் சொல்வதில்லை.

எனினும், அவன் விழித்திருக்கிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இறந்தவர் உடலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் அயர்லாந்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு. தான் ஒருபோதும் காணாத ஓர் இளைஞனுக்காகக் கபிரியேல் அவ்விரவில் விழித்திருக்கிறான். ஜூலியா அத்தையும் விரைவில் மறைவார் என்று எண்ணுகிறான். வெளியே பெய்யும் பனி, மிக்கேலின் கல்லறை மீதும் விழுகிறது என்று நினைக்கிறான். விருந்தில் அவன் சொற்களால் போற்றிய இறந்தோர், இப்போதுதான் அவனுக்கு மனிதர்களாகிறார்கள்.

ஜாய்ஸின் வாழ்க்கைத்துணை நோரா கால்வேயைச் சேர்ந்தவர். அவர்மீது அன்பு கொண்டிருந்த மைக்கேல் போட்கின் என்ற இளைஞன் இளமையிலேயே இறந்தான். அந்நினைவைக் குறித்து ஜாய்ஸ் பொறாமை கொண்டிருந்தார். அந்தப் பொறாமையிலிருந்து, தம் போட்டியாளனுக்கே இவ்வளவு பரிவான ஒரு நினைவுச் சின்னத்தை அவர் எழுப்பினார் என்பது வியப்புக்குரியது. 1987-இல் ஜான் ஹூஸ்டன் இக்கதையைத் திரைப்படமாக்கினார். மகன் திரைக்கதை எழுத, மகள் கிரெட்டாவாக நடிக்க, கடும் நோயுற்றிருந்த தந்தை சக்கர நாற்காலியில் அமர்ந்து இயக்கினார். படம் திரைக்கு வருமுன் மறைந்தார்.

நம்மோடு உண்டு உறங்குபவர் நெஞ்சிலும் நாம் அறியாத கல்லறை ஒன்று இருக்கக்கூடும். அதைத் தோண்டிப் பார்க்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவர்கள் சொல்ல முன்வரும் நாளில் ஏளனமின்றிக் கேட்கலாம். என் தாயார் திரி ஏற்றிய அந்தக் கல்லறையில் எழுத்துகள் அழிந்துவிட்டன. சென்ற ஆண்டு முதல் அங்கே நானும் ஒரு திரி ஏற்றிவருகிறேன்.